நூறு யூனிட்டுக்குள்

கிழமை நாட்களில் மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறேன்.
ஞாயிறானால் பேஸ் கிட்டார்.
எங்கள் பேண்டின் பெயர் மூணாம் பிளாட்பாரம்.
ஜங்ஷனில் ரயிலைத் தவறவிட்ட ஒரு ராத்திரி
அங்கேதான் நாலு பேரும் சண்டை போட்டுச் சேர்ந்தோம்.

முக்கூடலுக்குக் குட்டியானையில் போனோம்.
சுத்தமல்லி விலக்கில் சிம்பல் கழன்று உருள,
பின்னால் வந்த மினிபஸ்காரர் எடுத்துத் தந்தார்:
"தட்டு ஒண்ணு விழுந்துட்டுவே."

பள்ளிக்கூட மைதானம்.
முதல் அடிக்கே கொக்கெல்லாம் எழும்பி
ஆற்றுப்பக்கம் போய்விட்டன.
மனிதர்கள் போகவில்லை.
மூன்றாம் பாட்டின் நடுவே ஜெபசிங் நிறுத்தினான்:

"நாங்க ஒண்ணும் பெரிய ஆளு இல்ல.
எனக்குத் தெரிஞ்சது நாலு கார்டு,
அதுல ஒண்ணு இப்பவும் சொதப்பும்.
கேட்டது போதும், மேல ஏறி வாங்கல.
தொட்டுப் பாருங்க.
புடிச்சிருந்தா வீட்டுக்குக் கொண்டு போங்க.
ரெண்டு மாசம். நோட்டுல பேரு எழுதுனாப் போதும்."

நோட்டு என் கையில்.

பேச்சிப்பாண்டி, ஒன்பதாம் வகுப்பு: பழைய அக்கூஸ்டிக்.
ஷேக் மதார், பரோட்டாக் கடை: குச்சி மட்டும்.
டிரம் வேண்டாமா என்றேன். கல்லு இருக்கு என்றான்.
ஜெனிபா: கீபோர்டு.
அஞ்சு கட்டை வேலை செய்யாது என்று எச்சரித்தேன்.
"அது இல்லாத பாட்டா வாசிக்கேன்."

எல்லாம் தீர்ந்தபின் வந்தாள் முப்பிடாதி.
பீடி மடிக்கும் தகரத்தை நகத்திலிருந்து கழற்றக்கூட இல்லை.
சுட்டிக்காட்டினாள்:
"அந்தத் தடிச்ச கம்பி உள்ளது."

அது என்னுடையது.
பதினாறு மாதம் தவணை கட்டியது.
யாருமே கேட்காதது, அதனாலேயே
பத்திரம் என்று நினைத்திருந்தது.

"இது குடுக்கதுக்கு இல்ல."

"பொறவு எதுக்கு எல்லாரயும் கூப்பிட்டிய?"

பதில் தேடும்போதே குனிந்து ஒரு கம்பியை இழுத்தாள்,
நூல் தாங்குமா என்று பார்க்கிறவளைப் போல.
மைதானத்து மண் என் உள்ளங்காலில் ஏறியது.
நான் வாசித்து ஒருநாளும் அப்படி ஏறியதில்லை.
அல்லது அப்போது நான் ஷூ போட்டிருந்தேன்.

சின்ன ஆம்பையும் சேர்த்துக் கொடுத்தேன்.
நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் கோணல்.

அடுத்த ஞாயிறு வள்ளியூர்.
கை சும்மா இருக்க மேடையில் நின்றேன்.
"அந்த அண்ணன் எதுக்கு நிக்காரு?"
என்று ஒரு பையன் சத்தமாகவே கேட்டான்.
பாட்டில் என் இடத்தில் ஒரு பள்ளம்.
அதன் வழியாகக் காற்றாலைகளின் இரைச்சல்
வந்து வந்து போனது.
ஜெபசிங் ஏறி வாங்கல என்றபோது
முதன்முறையாக எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

நோட்டுப்படி நேற்றோடு கெடு முடிந்தது.
இன்று ரீடிங் முக்கூடலில்.

தெருமுனையிலேயே கேட்டுவிட்டது.
நாலு சுரம். மூணாவதில் வழுக்குகிறது.
திரும்ப.
வழுக்குகிறது.
யாரையோ ஏசுகிறாள். என்னையாகவும் இருக்கலாம்.
திரும்ப.

நடையில் இலைக்கட்டு அவிழ்க்காமல் கிடந்தது.
அவள் அம்மா தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"நேத்து எழுநூறுதான் சுத்துனா.
அந்த முட்டுச் சத்தத்துக்கு
எனக்குல்லா கை ஓடுது, அவளுக்கு எங்க ஓடுது?"
கோபமா பெருமையா,
மீட்டர் வாரியத்தில் அதற்குக் கருவி இல்லை.

போன தடவை தொண்ணூற்று மூணு.
இந்தத் தடவை தொண்ணூற்றாறு.
அட்டையில் எழுதினேன்.
நூறுக்குள்தான். கட்ட வேண்டாம்.

"பிள்ளயக் கூப்பிடவா?"

பையில் நோட்டு இருந்தது.
வேண்டாம், அடுத்த வீடு இருக்கு என்றேன்.

அடுத்த வீட்டில் எண்ணைத் தப்பாக எழுதி
அடித்துத் திருத்தினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அந்த மூணாவது சுரம்
இன்னும் விழவில்லை.