பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

காலையிலேயே கயிறு கட்டியாகிவிட்டது.
கொண்டோவின் காவல் கூண்டிலிருந்து
கால்வாய்க் கரை வரைக்கும்
நூற்றறுபத்தெட்டு அடி மஞ்சள் நைலான்.
எட்டடிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி.
மொத்தம் இருபத்திரண்டு கம்பம் என்றார் லியோங்.

எண்ணிக்கொண்டே வந்தவள்
பதினொன்றில் நின்றுவிட்டேன்.
அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் போகிறது
லாலாங் புல் முளைக்காத ஒற்றைத் தடம்.
செத்தாப்பாக்கில் எங்கள் பிளாட்டிலிருந்து
எல்ஆர்டிக்குப் போகிற செருப்பெல்லாம்
தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது.
அதில் ஒரு ஜோடி என்னுடையது.

லியோங்கிடம் சொல்லவில்லை.
நாள் கூலி நூற்றுப்பத்து ரிங்கிட்.

ரஃபிக்குல் கடப்பாரையை இறக்கினான்.
மேலே ஓரடி செம்மண்.
அதன் கீழே வெள்ளை மணல்,
எந்தக் காலத்திலோ ஈயம் அலசிக் கொட்டியது.
தோண்டத் தோண்டச் சரிந்து
குழியைத் தானே மூடிக்கொள்ளும்.
இரண்டடிக்கு மூன்றடி தோண்டினோம்.
ஏழாம் குழியில் ஒரு கரண்டி கிடைத்தது.
ஒன்பதில் தண்ணீர்.
மைலோ டின்னால் இறைத்தபடியே
"அக்கா, இந்த ஊர் மிதக்கிறது" என்றான்
மலாயில்.

கம்பத்தை நிறுத்தி
அதன் முதுகோடு ரசமட்டம் பிடிப்பது என் வேலை.
இந்தப் பக்கம் நீச்சல் குளம்.
அந்தப் பக்கம் பதினேழு மாடிக்கும் காய்கிற துணி.
குமிழி கொஞ்சம் அலைந்தது,
பிறகு நடுக்கோட்டில் உட்கார்ந்தது.
"சரி" என்றேன்.
சிமெண்டு விழுந்தது.

சைக்கிள் இரண்டு காணோமாம்.
அதனால் வேலி.

பத்து மணிக்கு எட்டாம் மாடி அமுதராணி வந்தாள்,
மருத்துவமனைச் சீருடை, கையில் நாசி லெமாக் பொட்டலம்.
கம்பத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"நீயா போடறே?"
"நான் இல்லேன்னா ரவாங்லேர்ந்து ஆளு வருவான்."
நான் சொன்னது நிஜம்தான்.
ஆனாலும் சொல்லி முடித்ததும்
கையில் பிடித்திருந்த மட்டப்பலகை கனத்தது.
"ஒரு கேட்டாவது வைக்கச் சொல்லேன்."
வரைபடத்தைப் பிரித்துக் காட்டினேன்.
அதில் கேட் இல்லை.
அவள் மணியைப் பார்த்துக்கொண்டு போனாள்,
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே.

இப்போது நான்கு நிமிடம்.
நாளைக்குப் பெட்ரோல் நிலையம் சுற்றி,
மேம்பாலத்தடியில் புகுந்து,
லோரிகள் திரும்புகிற முனையில் காத்து நின்று
இருபத்தாறு நிமிடம்.
மழை பெய்தால் கணக்கு வேறு.

மத்தியானம் பள்ளி விட்டதும் ஒரு பொடியன்
பன்னிரண்டாம் கம்பத்தை ஒரு கையால் பிடித்து
ராட்டினம் சுற்றினான்.
"டேய், ஈரம்டா!" என்று கத்தினேன்.
ஓடிவிட்டான்.
கம்பம் அரை விரல் சாய்ந்திருந்தது.
அப்படியே விட்டிருக்கலாம்.
யார் கேட்கப் போகிறார்கள்?
முட்டுக் கட்டையைப் பிடுங்கி
ரசமட்டம் வைத்து
நிமிர்த்தினேன்.
அடியில் சிமெண்டை மேடாக வழித்து,
மழைநீர் தங்காமல் நாலாபுறமும் சரித்து,
கரணையால் இரண்டு தரம் தடவியும் விட்டேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
கையைக் கேளுங்கள்.

மாலையில் லியோங் கயிற்றோடு கண்ணை வைத்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
இருபத்திரண்டும் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்து
ஒரே கம்பமாக நின்றன.
"நல்லா இருக்கு. வலை நாளைக்கு லோரியில் வருது."
ரஃபிக்குல் வாளியைக் கழுவினான்.
நான் கையைக் கழுவினேன்,
நகக்கண்ணில் சாம்பல் போகவில்லை.

கம்பம் மட்டும் வேலியாகாது.
வலை இல்லாத எட்டடி
எவ்வளவு பெரிய வாசல்!
கட்டிலைக் குறுக்காகத் தூக்கிக்கொண்டு போகலாம்.
கல்யாண ஊர்வலமே போகலாம்.

ஏழரை மணி ரயில் ஆட்களைக் கொட்டியது.
கைப்பேசி வெளிச்சத்தில் வந்தார்கள்.
பை சுமந்தவர்கள், தலைக்கவசம் பிடித்தவர்கள்,
தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒருத்தி.
கம்பங்களைக் கண்டதும் பேச்சு நின்றது.
யாரும் தொடவில்லை.
ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி,
பையை மார்போடு அணைத்து,
உடம்பை ஒருக்களித்து,
அந்த எட்டடி வெட்டவெளியில்
எதிலோ உரசிவிடாமல்
நுழைந்து போனார்கள்.

கடைசியில் நான்.
நானும் தோளைச் சாய்த்தேன்.