காந்தத்தில் ஒட்டாதவை

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக்
கயிற்றில் கட்டிக்
கொக்கிரகுளம் பாலத்தடியில் இழுத்துக்கொண்டு போவான் சொரிமுத்து.
பஸ் ஜன்னலிலிருந்து விழுந்த வேண்டுதல்கள்,
ஒத்த ரூபாய், ரெண்டு ரூபாய்,
எஃகுப் பிறவிகள் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இவை ஏழும் ஒட்டவில்லை.
சித்திரை மணலில் காலில் தட்டினவாம்.
"செம்புதான்க்கா. எவ்வளவு தேறும், பாத்துச் சொல்லுங்க."

வண்ணார்பேட்டையில் என் கடை.
பித்தளைக் குழாய், எரிந்த மோட்டார், உரித்த வயர்.
நிறுத்து நிறுத்தே என் கையில் ஒரு முள் முளைத்திருக்கிறது.
ஏழும் சேர்த்துப் பத்தொன்பது கிராம்.
இன்றைய விலைக்குப் பதின்மூன்று ரூபாய் முப்பது காசு.
எதிர்க்கடை டீக்கு இன்னும் ஒரு ரூபாய் எழுபது வேண்டும்.

புளித்தண்ணீரில் போட்டுத் தேய்த்தேன்.
பச்சை கலைந்து மீன் வந்தது.
ஏழிலும் அதே மீன்,
மறுபக்கம் அதே நின்ற ஆள். ராஜாவாக இருக்கும்.
பெயர் இருந்த இடத்தில்
விரல்களின் வழுவழுப்பு.

ஏனென்று தெரியாமல்
ஒவ்வொன்றாய் நகைத் தராசில் வைத்தேன்.
நாலு புள்ளி ஒன்று.
மூன்று புள்ளி ஆறு.
அப்படியே இறங்கிக்
கடைசிக் காசு ஒன்றரை.

தேய்மானம் என்றுதான் நினைத்தேன்.
ஆனால் தேய்ந்து கிடந்தது கனமான காசு.
அதன் மீனுக்குக் கண்ணே இல்லை;
உப்புக்கும் ஓடக்கூலிக்கும் வெற்றிலைக்கும்
எத்தனை மடியில் புரண்டதோ.
ஒன்றரை கிராம் காசோ புதுசு போல,
செதில் எண்ணலாம்.
அதைக் குறைத்தது கைகள் இல்லை.

அட, இது தெரிந்த வேலை ஆயிற்றே.
படிக்கல்லின் அடியில் துளைபோட்டு
மேலே முத்திரையை மட்டும்
பளபளவென்று வைத்திருந்தார் என் மாமனார்.

படைக்குச் சம்பளம் பாக்கி இருந்திருக்கும்.
அல்லது கொற்கையில் ஏறிய முத்துக்கு
விலை திரும்பி வந்திருக்காது.
கொண்ட நாடுகளைக் கல்லில் வெட்டிவைப்பார்கள்.
கொடுக்க முடியாத கடனை
இப்படித்தான், சில்லறையில்.
தங்கம் இதைச் சொல்லாது; அது பானைக்குள் தூங்கும்.
உப்புக்காரி உள்ளங்கையில் வாங்கிப் பார்த்த அன்றே
அரண்மனையின் பற்றாக்குறை அவளுக்குத் தெரிந்திருக்கும்.
மறுநாள்
ஒரு கை குறைத்து அளந்திருப்பாள்.

"எவ்வளவுக்கா?" என்றான் மறுபடியும்.
கல்லாவைத் துழாவிப் பதினைந்து ரூபாய் கொடுத்தேன்.
ஒரு பத்து, மீதி சில்லறை.
ரெண்டு ரூபாயை உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்துச்
சொரிமுத்து சிரித்தான்:
"இதுவும் முன்ன மாதிரி கனம் இல்லக்கா.
ஆத்துல இழுக்கையில கயிறு சொல்லிரும்."

நான் தராசை அணைத்தேன்.