தரை இடைவெளி

இம்பீரியல் சாலை ஷோரூமில்
எட்டு மாதமாக இதைத்தான் ஒப்பிக்கிறேன்:
தொண்ணூற்றேழு சிசி, ஒற்றை சிலிண்டர்,
ஃபோர் ஸ்ட்ரோக், காற்றே குளிர்விக்கும்.
அந்தக் கடைசி இடத்தில் மட்டும்
குரலைக் கொஞ்சம் இறக்குவேன்.
தாளில் எனக்குப் பிடித்த வரி அது.

பச்சைவாழி அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.
புடவை ஓரத்திலிருந்து செதில் ஒன்று
டைல்ஸ் தரையில் விழுந்து மின்னியது.
மேனேஜர் பார்த்தார்.
நான் பார்க்கவில்லை.

"எவ்ளோ தூக்கும்?"
நூற்று முப்பது கிலோ என்றேன்.
"என்னையும் சேத்தா, சேக்காமலா?"

தாளில் அதற்குப் பதில் இல்லை.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
எடுத்த பெண் இன்னொருவரைக் கேட்கணும் என்றாள்.
அந்த இன்னொருவர் டீக்குப் போயிருந்தார்.

அக்கா அதுவரை காத்திருக்கவில்லை:
"ஐஸ் கம்பெனித் தராசுல நான் அறுவத்தெட்டு.
பெட்டி ரெண்டு, ஒண்ணு இருவத்தஞ்சு.
ஐஸு பத்து. தராசும் அருவாமனையும் ஏழுன்னு வை.
நெல்லிக்குப்பம் போறதுக்குள்ள பாதி ஐஸு ஒழுகிடும்,
அதக் கழிச்சிக்க."

கழித்தேன். கால்குலேட்டரில் சரியாக
நூற்று முப்பது.
சிரித்துவிட்டேன்.
"பெட்ரோலுக்கு எடை இல்லியா தம்பி?"

நான்கு லிட்டர் டேங்க் என்று
நாளைக்கு இருபது முறை சொல்லியிருக்கிறேன்.
அது எத்தனை கிலோ என்று
ஒருமுறைகூட நினைத்ததில்லை.

இருக்கை உயரம் எழுநூற்று எழுபது மில்லிமீட்டர்.
ஏறி உட்கார்ந்தார்.
கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது.
பிரேக் முன்னும் பின்னும் டிரம்,
நூற்றுப் பத்து என்று நான் சொல்லிக்கொண்டிருக்க
கெடிலம் பாலத்து இறக்கத்தில்
பெட்டிகள் எந்தப் பக்கம் சாயும் என்று
இடுப்பை அசைத்துப் பார்த்தார்.

தரை இடைவெளி நூற்று அறுபது.
"அப்பிடின்னா?"
மண்டியிட்டு, இன்ஜினுக்கு அடியில்
கையை விரித்துக் காட்டினேன்.
ஒரு சாண்கூட இல்லை.

அக்கா புடவையை லேசாகத் தூக்கி
முழங்காலுக்குக் கீழே விரல் வைத்தார்.
"கார்த்தியில தண்ணி இங்க நின்னுச்சு.
பதினோரு நாளு."

எங்களுக்குச் செல்லங்குப்பம்.
சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.
பீரோவை அதன்முன்னால் நகர்த்திவைத்திருக்கிறோம்.
விருந்தாளிகளுக்குத் தெரியாது.

"சைலென்சர் வாய் எவ்ளோ ஒசரத்துல?"
அதுவும் தாளில் இல்லை.
டேப் எடுக்க நான் உள்ளே போய் வருவதற்குள்
மடியிலிருந்து நைலான் நரம்பை உருவி
தரையிலிருந்து இழுத்துப் பிடித்து
முடிச்சுப் போட்டுவிட்டிருந்தார்.
காலில் வைத்துப் பார்த்தார்.
முடிச்சு, விரல் வைத்த இடத்துக்கு
இரண்டு விரற்கடை கீழே நின்றது.

"யோசிச்சிச் சொல்றேன்" என்று
நரம்பைச் சுருட்டிக்கொண்டு போனார்.
ஓசூரிலிருந்து மூன்றரைக்கு அழைத்தார்கள்.
ஓட்டுபவரையும் சேர்த்துத்தானாம்.
அவர் எண்ணை நான் வாங்கிவைக்கவில்லை.

மறுநாள் செம்மண்டலத்திலிருந்து ஒருவர்
கூலிங் கிளாஸைக் கழற்றாமல் வந்தார்.
என்னென்ன கலர் இருக்கு என்றார்.
நான்கு என்றேன்.
பிறகு, அவர் கேட்காமலேயே,
சைலென்சர் வாய் இருநூற்று எழுபது என்றேன்.