கப்பலடி வழுக்கல்

ஃப்ரெடரிக்ஸ்ஹாவனில் கப்பலடி சுரண்டியவர்
யால்மர் ப்ரூன்.
வலது முழங்காலில் ஆறு வருடமாக டைட்டானியம்,
நான்கு வருடமாக வலி.

அவர் மூட்டுநீர் இரண்டு சொட்டு
என் கண்ணாடித் தகட்டில்.
இரவு பதினொன்று. வெளியே
நேராக விழத் தெரியாத மழை.

பச்சையாய் ஒரு திட்டு:
தாம் சுரந்த கூழுக்குள்
கிருமிகளின் குடித்தனம்.
சுற்றி நீலமாய் வெள்ளணுக்கள்,
வந்தவை எல்லாம் வாசலிலேயே.

விழுங்கப் பிறந்தவை.
ஒற்றைக் கிருமி என்றால் ஒரு வாய்.
இது வாய்க்கு அடங்காத கவளம்.
இருந்த பிராணவாயுவை இவையே குடித்துத் தீர்க்க
உள்ளே கிருமிகளுக்கு உறக்கம்.
உறங்குவதை எந்த மாத்திரை கொல்லும்?

ஒன்று
தன்னையே கிழித்து
தன் மரபிழையை வலையாக வீசியிருக்கிறது.
உருப்பெருக்கத்தைக் கூட்டினேன்.
வலை அறுபடவில்லை.
கூழின் சுவருக்குள்
அந்த நூலும் சேர்ந்து இறுகியிருந்தது.

கொட்டிய நஞ்சு
பக்கத்து எலும்பைத் தின்கிறது.
வேலி பயிரை மேய்ந்தது என்பார்கள்;
அழுதுகொண்டே மேய்ந்ததை
யார் பார்த்தார்கள்?

காலையில் டாக்டர் டோர்ட்டே
படம் வரைந்து விளக்கினாராம்.
யால்மர் பாதியில் கை காட்டி,
"முதலில் வழுக்கல், அப்புறம் சிப்பி.
மேலே பெயின்ட் அடித்துப் பயனில்லை.
உலர்துறைக்கு ஏற்றுங்கள்."

ஏற்றினார்கள்.

கழற்றிய உலோகத்தின் அடியில் சுரண்டியதை
மறுபடி தகட்டில் வைத்தேன்.
ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளணு,
நீலம் வெளிறி,
இன்னும் கூழின்மேல் வாயை வைத்தபடி.