நிற்றல், நான்கு நிமிடம்

ஊட்டி ஏரிக்கரை. ஜூலை. காலை ஏழு பத்து.
மூக்கும் வாலும் மட்டும் தெரிகின்றன,
நடுவில் குதிரை இருக்கவேண்டிய இடத்தில் மேகம்.

தாளில் ஆறு கட்டம் போட்டிருக்கிறேன்:
மேய்தல், நிற்றல், நடத்தல், படுத்தல்,
பால்குடி, மற்றவை.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி
கண்டதில் ஒரு கோடு.
நினைத்ததை எழுதாதே என்று சொல்லித்தான்
கல்லூரியில் அனுப்பினார்கள்.

முதல் கட்டத்திலேயே தகராறு.
மார்க்கெட் பின்வாசலில் முட்டைக்கோஸ் இலை தின்பது மேய்தலா?
கேரட் மூட்டையின் பிளாஸ்டிக் நாரை மெல்வது?
குட்டி, தாய் போட்ட லத்தியை ஆவி அடங்குமுன்
ருசித்துத் தின்றது.
இயல்புதான், பாடத்தில் இருக்கிறது.
ஆனாலும் மற்றவையில் போட்டேன்.

தா-3க்குக் காந்தலில் ஷப்னம் என்று பெயர்.
கு-3க்குப் பெயரில்லை.
விற்கப்போகிற குட்டிக்கு ஜபருல்லா பெயர் வைப்பதில்லை.

காது பின்னால் மடிந்தால் எரிச்சல்.
பின்னங்குளம்பு நுனியில் ஓய்ந்தால் அரைத்தூக்கம்.
பெரிய குதிரை நெருங்கினால் குட்டி
கழுத்தை நீட்டிக் காற்றை மெல்வதுபோல்
வாயைத் திறந்து திறந்து மூடும்:
நான் சின்னது, கடிக்காதே.
பேராசிரியர் போனில் வரும்போது
என் வாயும் அப்படித்தான்.
சரி சார், சரி சார்.

பதினொன்றுக்கு வெயில், கூடவே சவாரி.
ஈரோட்டுக் குடும்பம். மஞ்சள் ஸ்வெட்டர் பையன்
ஷப்னத்தின் மேல்.
பக்கத்திலேயே ஓடிவந்த குட்டி
பாதி வழியில் மடியை முட்டியது.
அவள் நின்றாள்.

ஜபருல்லா கயிற்றை இழுக்கவில்லை.
பையனின் அப்பா வாட்சைப் பார்த்தார்,
கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை.
பின்னால் ஒரு ஜீப் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு
இன்ஜினை அணைத்தது.
"கீழ சத்தம் வருதுப்பா"
என்றான் பையன், குனிந்து.

குட்டிக்குப் பால்குடியில் ஒரு கோடு.
தாய்க்கு?
முதுகில் ஒரு வேலை, வயிற்றடியில் ஒரு வேலை.
வேலை என்று கட்டமே போடவில்லை நான்.
நிற்றல், நான்கு நிமிடம் என்று எழுதினேன்.
நாங்கள் எல்லோருமே நின்றிருந்தோம்.

சவாரி முடிந்ததும் வந்து எட்டிப் பார்த்தார்.
"அவ என்ன பண்ணான்னு எழுதுனீங்க மேடம்?"
"நின்னா."
"நின்னாளா."
சிரிக்கவில்லை.
போய், சேணத்து வாரை
ஒரு துளை தளர்த்தினார்.