பசலி 1300

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு என்றார்.
ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கழித்தேன்.
இந்தக் கட்டுகளுக்கு ஆங்கில வருஷம் தெரியாது சார்,
பசலிதான்.

டெஸ்மண்ட் வீராசாமி, டர்பன்.
வேலூர் ஆட்சியர் அலுவலக ஆவண அறையில்
மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்திருந்தேன்.
வெயிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டை சொன்னது.

பிளாஸ்டிக் உறையில் கப்பல் பட்டியலின் நகல்:
யாகம்ப்ரம். ஆண். வயது இருபத்து நாலு.
உயரம் அஞ்சடி மூணு அங்குலம்.
இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு.
தகப்பன் சின்னாண்டி.
குடியாத்தம் தாலுக்கா, கல்லாரிபுட்.
கூட வந்தவர் இல்லை. கல்யாணம் இல்லை.

கல்லாரிபுட் என்று ஊர் கிடையாது.
கல்லேரிப்பட்டு ஒன்று, கள்ளரைப்பட்டு ஒன்று.
மதராஸ் துறைமுகத்தில் எவனோ ஒருவன்
காதில் விழுந்ததை எழுதி
ஈரம் காயுமுன் அடுத்தவனைக் கூப்பிட்டிருக்கிறான்.

முதல் ஊரில் நாலு ஏகாம்பரம்,
நாலு பேருக்கும் வேறு தகப்பன்.
இரண்டாவது ஊரின் கட்டில் பாதியைக் கரையான் வாசித்து முடித்திருந்தது.
தயாளன் எட்டிப் பார்த்தான்:
"இன்னா மேடம், லண்டன் பார்ட்டியா? டீ சொல்வாரா?"
சொன்னார். மூன்று நாளும்.

மூன்றாம் நாள் மதியம், மிச்சப் பாதியில்,
சின்னாண்டி மகன் ஏகாம்பரம்.
புஞ்சை ஒரு ஏக்கர் பன்னிரண்டு செண்ட்.
படம் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி படம் எடுத்தார்.

அடுத்த பசலியைப் புரட்டியது என் தப்பு.
குறிப்புப் பத்தியில் கணக்குப்பிள்ளையின் கோணல் எழுத்து:
ஆள் ஊரில் இல்லை.
கிஸ்து கட்டியது பெண்சாதி பச்சையம்மாள். பாக்கி இல்லை.
1302, பாக்கி இல்லை.
1303, பாக்கி இல்லை.
தாது வருஷம் தாண்டி வந்த ஊர் அது,
அந்தக் கரட்டில் என்ன விளைந்திருக்கும்?
1312 வரை அவள் பேர். அப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு.

"திரும்பத் திரும்ப வருதே, அது என்ன வார்த்தை?"
தமிழ் தெரியாத கண்ணுக்கும்
ஒரே சொல் பன்னிரண்டு முறை வந்தால் தெரிந்துவிடுகிறது.
சொன்னேன்.

வெகுநேரம் டீ ஆறியது.
"பிள்ளை இருந்ததா அவளுக்கு?"
இந்தப் புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை சார்.

சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் நீட்டினேன்.
ஏழாவது வரி: மனுதாரருக்கு என்ன உறவு.
ஏகாம்பரத்துக்கு உடனே எழுதினார்.
அவளுடைய பக்கத்துக்குப் பேனா நின்றது.
உங்கள் மொழியில் இதற்குச் சொல் உண்டா?

உண்டு. மூத்த தாரம்,
எங்கள் வீட்டில் பெரியாயா என்போம்.
ஆங்கில எழுத்தில், குழந்தை மாதிரி,
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.
வாசித்தால் பெரியய்யா என்று வந்தது.

நூற்றுச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு
இன்னொரு பிழை, இந்தக் கரையில்.
வெள்ளை மை கையில் எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.
முத்திரை குத்தி, கட்டணம் வாங்கி, ரசீது கொடுத்தேன்.