ஈரக் கழிவு

கோல கெட்டில் டவுனில்
லாட்டரிக் கடைக்கு மேல்மாடி.
முன்பு படக் கேசட் வாடகைக்கு விட்ட அறை.
அலமாரி கழற்றிய தழும்புகளை மறைக்கவே
பாதிப் படங்களை மாட்டினோம்.

ஆணி கொடுத்தவர் ஹார்டுவேர் ஹோக் லியாங்.
கொடுத்துவிட்டுப் படியிலேயே நின்றார்.
தானும் ஒன்று கொண்டுவரலாமா என்றார்.
சாவி தொலைத்தவர்களுக்காக அவர் உடைத்த பூட்டுகள்,
இருபது வருடமாக,
உடைக்கும் முன் ஒவ்வொன்றையும் படம் பிடித்திருக்கிறார்.
நாங்கள் இன்னும் இரண்டு டஜன் ஆணி வாங்கவேண்டியதாயிற்று.

நவமலருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
தேறாத கையுறைகளை ஒட்டி ஒட்டி
ஒரு யானை செய்திருந்தாள்.
மேசை விசிறியைப் போட்டால் எழுந்து நிற்கும்.
உடம்பெல்லாம் விரல்.
ஒரு குழந்தை அதற்குக் கைகொடுக்கப் போய்
எந்தக் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் அழுதது.

நான் ஆலையில் தராசு கிராணி.
லோரி ஏறும், எண் மின்னும், சீட்டு வரும்.
வீணான சீட்டுகளின் முதுகில்தான் வரைவேன்.
பன்னிரண்டைச் சேர்த்து ஒட்டினால் ஒரு படம்.
ஆள் இல்லாமல் வரையத் தெரியும் எனக்கு:
சக்கரம், சேறு, செம்பனைக் குலையின் முள்.
இந்த முறை ஓர் ஆளை வரைந்தேன்.
உதிரிப்பழம் பொறுக்கும் பெண், குனிந்தபடி,
பக்கத்தில் சாக்கு.
விலை ஐம்பது ரிங்கிட் என்று எழுதி
எழுதியதை நானே பார்த்துக் கூசினேன்.

சனிக்கிழமை. கறிப்பாப் தீர்ந்த நேரம் மழை.
தகரத்தில் விழுந்த சத்தத்தில்
திறப்பு விழாப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.
அதற்காக மழைக்கு நன்றி.
பிறகு மின்சாரம் போனது.
யானை மெல்ல மண்டியிட்டு,
பிறகு படுத்து,
பிறகு வெறும் ரப்பராகிவிட்டது.

கைப்பேசி வெளிச்சத்தில் படம் பார்த்தார்கள்.
ஒரு வெளிச்சம் என் படத்தை விட்டு நகரவில்லை.
"சாக்கு தப்பு" என்றது ஒரு குரல்.
அஞ்சலாட்சி.
மூன்றாம் டிவிஷன்.
மழைக்கு ஒதுங்க ஏறி வந்தவர்.

"காலிச் சாக்கு இப்படித்தான் நிக்கும் தம்பி.
நாப்பது கிலோ இருந்தா இப்படியா நிக்கும்?
ஒரு பக்கம் இடுப்பு இறங்கும்."
நான் இருபத்தாறாம் வயதிலிருந்து
டன் கணக்கில் எடை பார்ப்பவன்.
நாற்பது கிலோ எப்படி உட்காரும் என்று
எனக்குத் தெரியாது.

பென்சில் கேட்டார். கொடுத்தேன்.
சாக்கின் வாயிலிருந்து கீழ்நோக்கி
ஒவ்வொரு பழமாகப் போட்டார்.
பொறுக்குகிற அதே வேகம்.
நவமலர் வெளிச்சம் பிடித்தாள்.
ஹோக் லியாங் "பலான் பலான்" என்றார்.
சாக்கு ஒரு பக்கமாய் இடுப்பு இறக்கியது.

முடித்ததும் தாளைக் கழற்றித் திருப்பினார்.
நான் தடுத்திருக்கலாம்.
தேதி. லோரி எண். நிகர எடை.
கீழே, என் சுருக்கெழுத்தில்,
ஈரக் கழிவு நூற்றுக்கு மூன்று.

"இது நவம்பர் வெள்ளத்துக்கு முந்தின வாரம்" என்றார்.
"அன்னிக்கு எங்க சம்பளத்துல புடிச்சாங்க."
கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் இருந்தது.
பேரனின் தடுப்பூசித் தேதியைச் சொல்வதுபோல் சொன்னார்.

"வித்தா எனக்குப் பாதி" என்றார் பிறகு.
"இருபத்தஞ்சு."
"கழிவு கிடையாது."
சிரித்தோம்; நான் கொஞ்சம் தாமதமாக.

அவர் ஆணியில் திருப்பி மாட்டவில்லை.
நடு அறையில், விசிறிக்கு நேரே,
ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

மின்சாரம் வந்தது.
யானை ஒரு காலை முதலில் எழுப்பியது.
தாள் சுழல ஆரம்பித்தது:
சாக்கு, கணக்கு,
சாக்கு,
கணக்கு.

திங்கட்கிழமை முதல் லோரி ஏழு மணிக்கு.
மழை விடவில்லை.